கடுகைக் கேட்டு வந்தவர்

அந்தத் தெருவில் அவளைக் கர்ட்டன்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைப்பது அவள் தொழில். முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள், நடுவில் வெட்டும் மேசை, ஓரத்தில் மோட்டார் வைத்த தையல் மிஷின். ஆனால் அவள் வீட்டு ஜன்னல்களில் திரை கிடையாது. யாராவது கேட்டால், "ஊருக்கெல்லாம் மறைச்சுக் குடுக்கறேன். எங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரிப்பாள்.

கணவர் பஸ் டிரைவர். ரயில் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடுகிற ஒரே தடத்தில் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டி முடித்தவர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் இருவரும் நிறையப் பேசினார்கள், அழுதார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள். அவர் ஓய்வு பெறப்போகிற சமயத்தில், டிப்போவில் ஒரு பஸ் சக்கரத்தின் அடியில் ஒண்டிக்கிடந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கன்னங்கரேல் என்று ஒரு கைப்பிடி உயிர்.

"இதையா நாய்ங்கறீங்க? கடுகு மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அதுவே பெயராகிவிட்டது. வளர்ந்தபோதும் கடுகு முழங்காலைத் தாண்டவில்லை. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். தபால்காரர் முதல் பால்காரர் வரை அதனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. "சிறுத்தாலும் காரம் குறையலை பாரு" என்று டிரைவர் பெருமையாகச் சொல்லுவார், என்னவோ தானே பெற்றது போல.

தெரு முனையில், சாவி போடுகிற கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு மிருக ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் பெஞ்சு போட்ட ஓர் அறை, உள்ளே மேசை போட்ட ஓர் அறை, பின்னால் கூண்டுகள் வைத்த ஓர் அறை. எப்போதும் பினாயில் வாடையும் ஈர ரோம வாடையும் கலந்து வீசும். டாக்டர் ஒரு பெண்மணி. தலைமுடியைக் கத்தரித்து விட்டிருப்பார். அளந்துதான் பேசுவார். அவர் பேசாததையும் சேர்த்துப் பேச ஒரு கம்பவுண்டர் இருந்தார்.

கடுகுக்கு அந்த இடம் ஆகாது. சாவிக்கடை வந்ததும் நாலு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். இழுத்தால் கழுத்துப்பட்டை கழன்று வருமே தவிர நாய் வராது. டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். "வாங்க வாங்க, சிங்கம் பல்லக்குல வருது" என்பார் கம்பவுண்டர். ஊசி போடுகிற வரைக்கும் சிங்கம் டிரைவரின் அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருக்கும். ஊசி முடிந்து வெளியே வந்ததும், பெஞ்சில் இருக்கிற பெரிய நாய்களைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் படியிறங்கும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிரைவருக்கு மறதி வருகிற வரை.

முதலில் சின்னச் சின்னதாக வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். குடித்த டீயைக் குடிக்கவில்லை என்றார். வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று அவள் விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு காணாமல் போனார். ரயில் நிலையத்தின் பஸ் நிறுத்தத்தில், ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஒரு பையனைப் பார்த்து, "இறங்குப்பா, இது என் வண்டி" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் நல்லவன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டிப்போவில் விசாரித்து, வீடு வரை கொண்டுவந்து விட்டான்.

அதன்பிறகு அவரைத் தனியாக வெளியே அனுப்ப அவளுக்குப் பயம். ஆனால் கடுகோடு போனால் பயமில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்கென்று ஒரு வழி இருந்தது. பூங்காவை ஒரு சுற்று, பேப்பர்க் கடையில் ஒரு பிஸ்கட், பிறகு நேராக வீடு. அவர் வேறு பக்கம் திரும்பினால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகராது. "நாயைக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்" என்று அவர் கிளம்புவார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்கள் போய்வருகிற அந்த நேரத்தில்தான் அவள் நிம்மதியாகத் துணி வெட்டுவாள். கடுகின் குரல் படியில் கேட்டால், இருவரும் வந்தாயிற்று.

பிறகு கடுகு சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தது. பூங்காவில் பாதியிலேயே உட்கார்ந்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. சாவிக்கடை முன்னால் அது காலை ஊன்றாமல் பேசாமல் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனபோது விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். கம்பவுண்டர் அன்றைக்கு ஜோக் எதுவும் சொல்லவில்லை. டிரைவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர்.

"மண்ணீரல்ல கட்டி இருக்கும்மா. எப்ப வேணாலும் உடையலாம். ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். ஆனா பார்த்தா நல்ல கட்டியா தெரியலை. எடுத்தாலும் மறுபடி வரும்னுதான் நினைக்கறேன். வயசும் ஆயிடுச்சு."

"வேற வழி?"

"வலி தெரியாம மருந்து குடுத்து வச்சுக்கலாம். அதுக்கு முடியாதப்போ தூங்க வச்சு அனுப்பிடலாம். என் நாயா இருந்தா நான் அதைத்தான் செய்வேன்."

அவள் கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். டிரைவர் மடியில் கடுகு. அதன் காதை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கஷ்டப்படப்போறது அது."

"இது போயிடுச்சுன்னா அவரை நான் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டணும்" என்றாள் அவள். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

கடுகு பிழைத்து வந்தது. கழுத்தைச் சுற்றிப் புனல் போல ஒரு பிளாஸ்டிக் கூம்பு, வயிற்றில் நீளமாகத் தையல். அந்தக் கூம்போடு அது கதவில் இடிக்கும், மேசைக்காலில் இடிக்கும், இடித்துவிட்டு யாரோ அடித்தது போல அவளைத் திரும்பிப் பார்க்கும். டிரைவருக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. "யாரு இதை இப்படிக் கட்டிப்போட்டது?" என்று கழற்றப் போவார். அவள் ஓடிவந்து தடுப்பாள். ஒருநாள் அவள் கவனிக்காத நேரத்தில் கழற்றிவிட்டார். கடுகு தையலைக் கடித்துப் பிய்த்துவிட, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மயக்க ஊசி. முனகக்கூடத் தெம்பில்லாமல் அது மேசைமேல் கிடந்தபோது, இதெல்லாம் யாருக்காக என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் மேலே யோசிக்கவில்லை.

கொஞ்ச காலம் இருவரும் மறுபடி பூங்காவுக்குப் போனார்கள். முழுச் சுற்று இல்லை, வாசற்கேட்டு வரைதான். அந்த மட்டும் லாபம் என்று அவள் இருந்தாள். ஒரு காலை கடுகு எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தது. யாருக்கோ வெட்டி வைத்திருந்த நீலத் துணியை அப்படியே உருவி, அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தாள். டிரைவர் செருப்புகூடப் போடாமல் பின்னால் வந்தார்.

"அவர் உள்ள இருக்கணுமா? யோசிச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும். அது அவரைத்தான் தேடும்."

டிரைவர் கடுகின் தலையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டாக்டர் அதன் காலில் ரோமத்தை மழித்து, நரம்பு தேடி, மெதுவாக மருந்தை ஏற்றினார். என்ன நடக்கிறது என்று டிரைவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா தெரியாது. குனிந்து அதன் காதோரமாக, "அவசரம் இல்லை. வண்டி நிக்குது. மெதுவா இறங்கு" என்றார். வயசானவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் சொல்லுகிற வார்த்தை அது. கம்பவுண்டர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் காலை டிரைவர் கையில் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"கடுகு எங்கே?"

அவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. கடைசியா ஒரு தடவை பாத்திருப்பேனே!"

"நீங்கதாங்க தலையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க."

"நானா? பொய் சொல்லாதே."

மறுநாளும் அதே கயிறு, அதே கேள்வி, அதே அழுகை. அதற்கு மறுநாளும். மற்றவர்களுக்கு ஒரு சாவு ஒருதடவைதான். அவருக்குக் கடுகு தினமும் அன்றுதான் செத்தது. இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சாயங்காலத்துக்குள் எதற்கு அழுதோம் என்பதை அவர் மறந்துவிடுவார். துக்கம் மட்டும் மறக்காது. காரணம் தெரியாமல் முகம் வாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எனக்கு என்னவோ பண்ணுதும்மா. என்னன்னு தெரியலை" என்பார்.

ஒருநாள் அவளால் முடியவில்லை. "கடுகு எங்கே?" என்றதும், "ஆஸ்பத்திரியில இருக்குங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"அதானே பார்த்தேன். வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

அவர் செருப்பைத் தேடுகிற நேரத்தில் அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர், "செத்த நாயை உயிரோட இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லைம்மா. அது என்னால ஆகாது" என்றார். "சரிங்க டாக்டர்" என்று வைத்துவிட்டாள். டிரைவர் அதற்குள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இவளும் பின்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். டிரைவர் எழுந்து நின்றார்.

"டாக்டர், நம்ம ஆளு எப்படி இருக்கு?"

டாக்டர் அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தார்.

"தூங்குது சார்" என்றார். "இப்போ வலி எதுவும் இல்லை."

"அப்பாடா" என்று டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "தூங்கட்டும் தூங்கட்டும். எழுப்ப வேணாம். நான் இங்கயே இருக்கேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் கேட்பார், இருவரும் போவார்கள், டாக்டர் "தூங்குது சார்" என்பார், அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் திரைகளுக்குக் கையால் ஓரம் அடிப்பாள். போகப்போக அந்த ஆஸ்பத்திரியில் அவரும் ஓர் ஆளாகிவிட்டார். யாராவது பூனைக்கூடையோடு வந்து தயங்கி நின்றால், "வாசல்ல நிக்காதீங்க, உள்ள இடம் இருக்கு, முன்னாடி போங்க" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். ஒருவர் முயலோடு வந்தபோது, "கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, போங்க" என்றார். நோய்வாய்ப்பட்ட பிராணிகளோடு கவலையாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட சிரித்துவிட்டார்கள். கம்பவுண்டர், "எனக்குப் போட்டிக்கு ஆள் வந்தாச்சு. இனி என் வேலைக்கு ஆபத்து" என்று டீ வாங்கிவந்து கொடுப்பார். பெரிய முரட்டு நாய்கள்கூட அவர் காலடியில் வந்து படுக்கும். அவற்றின் காதை மடக்கி விரித்துக்கொண்டிருப்பார்.

பார்த்தவர்களில் சிலர், "பாவம், ஏமாத்தறாங்களே" என்று முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழாமல் இல்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தலை நிமிராமல் இருப்பாள்.

ஒரு மதியம், ஒரு இளம் தம்பதி ஓடிவந்தார்கள். பெண்ணின் கையில் துண்டில் சுற்றிய சாம்பல் நிறப் பூனை. வண்டியில் அடிபட்டிருந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது. கணவன் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தான். அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "வேற பூனை வாங்கிக்கலாம், அழாதே" என்றான். அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

டிரைவர் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழட்டும் தம்பி, விடுங்க" என்றார். "அழாம எப்படி? எங்க வீட்டு நாயும் இங்கதாம்மா போச்சு. அந்த ரூம்லதான். நான்தான் தலையைப் பிடிச்சிட்டு இருந்தேன். கையில கனம் இருந்துச்சு, அப்புறம் வேற மாதிரி கனம் ஆயிடுச்சு."

கர்ட்டன்காரம்மாவின் கையில் ஊசி அப்படியே நின்றது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார். "என் வீட்டுக்காரி அதை இன்னும் தாங்கிக்கலை. தூங்குதுன்னு சொல்லி என்னை தினமும் இங்க கூட்டிட்டு வரா. அவ மனசு நோகக்கூடாதுன்னு நானும் கேட்டுட்டே இருக்கேன்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் திரையைப் போட்டுவிட்டு எழுந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் பின்னால் கூண்டு வைத்த அறைக்குள் போனாள். அங்கே காலிக் கூண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடுகு செத்த பிறகு முதல்தடவையாக அழுதாள். அதுவரை அவரை அழாமல் வைத்துக்கொள்வதிலேயே அவளுக்கு நாள் போயிருந்தது.

டாக்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அவருக்குத் தெரியும் டாக்டர். எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"இந்த நோய்ல நடுநடுவே அப்படித் தெளிவு வரும்னு சொல்லுவாங்கம்மா. இப்போ மட்டும் தெரிஞ்சுதா, எப்பவும் தெரியுமா, யாராலயும் சொல்ல முடியாது."

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்க, நான் கேக்கலை. அதை எனக்காகத்தான் அறுக்கச் சொன்னேன். கூம்பும் அதுவுமா என்னைப் பாத்துட்டே இருந்துச்சு."

இல்லையம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்வார் என எதிர்பார்த்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா, உங்களுக்காகத்தான்" என்றார். "அவருக்காகவும். இங்க வர்றவங்க நிறையப் பேர் அப்படித்தான். பிரியம் இருக்கற இடத்துல அதைத் தவிர்க்க முடியாது." பிறகு, "மூஞ்சி கழுவிட்டு வாங்க. வெளியில தேடுவார்" என்று போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, பாதி வழியில் அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னங்க, கடுகு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன விஷயம்?" என்றார் அவர். "குணமாயிடுச்சாமா?"

மறுநாள் காலை வழக்கம்போல் கேட்டார், வழக்கம்போல் போனார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் அவர் கண்ணையே பார்ப்பாள். நிஜமாகத் தெரியாமல் கேட்கிறாரா, தனக்காகக் கேட்கிறாரா என்று. ஒருதடவையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. அவர் நடை தளர்ந்தது. சில நாள் கேட்பார், சில நாள் கேட்கமாட்டார். கேட்கிற நாட்களிலும், "மழையா இருக்குங்க, நாளைக்குப் போகலாம்" என்றால் சரி என்று படுத்துக்கொள்வார். வாசலுக்கு அவள் உள்ளிருந்து ஒரு பூட்டுப் போட்டாள். மிஷினைக் கதவைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டாள். கம்பவுண்டர் எப்போதாவது வழியில் எட்டிப்பார்த்து, "என்ன கண்டக்டர் சார், ஆளையே காணோம், அங்க ஒரே நெரிசல்" என்பார். டிரைவர் யாரென்று தெரியாமல் மரியாதைக்குச் சிரிப்பார்.

ஒருநாள் காலை முழுதும் அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. எந்தக் கேள்விக்குப் பயந்து அவள் இத்தனை நாள் விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளோ, அந்தக் கேள்விக்காக இப்போது காத்திருந்தாள். துணியை வெட்டும்போதும், டீ போடும்போதும், அவர் வாயைத் திறக்கிறாரா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார், மணி கேட்டார்.

கடைசியில் அவளே கேட்டாள். "என்னங்க, கடுகு எங்கேன்னு கேக்கவே இல்லையே?"

"யாரு?"

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒரு நாய் இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தாள். தபால்காரரின் பேன்டைக் கிழித்ததைச் சொன்னாள். இடி இடித்தால் துணிச் சுருளுக்குள் புகுந்துகொள்ளும், பிறகு வெளியே வரத் தெரியாமல் கத்தும் என்று சொன்னாள். ஒருதடவை கல்யாண மண்டபத்துக்குத் தைத்த திரை முழுவதிலும் சேற்றுக்கால் வைத்து, இவள் துடைப்பத்தோடு துரத்தியதும், அது கட்டிலடியில் டிரைவரோடு சேர்ந்து ஒளிந்துகொண்டதும் சொன்னாள். நோயை, கூம்பை, நீலத் துணியைச் சொல்லவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"நல்ல நாய்தான் போலிருக்கு" என்றார். "யாரு வீட்டு நாய்?"

"தெரிஞ்சவங்க வீட்டு நாய்ங்க."

"நாமளும் ஒண்ணு வளக்கலாமா?"

அவள் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "வளக்கலாங்க" என்றாள்.

அவர் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வேறு நாய் அவர்கள் வளர்க்கவும் இல்லை. கர்ட்டன்காரம்மா இப்போதும் அதே முன்னறையில்தான் தைக்கிறாள். கடுகைப் பற்றிப் பேச அவளுக்கு ஆள் இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருக்க அந்தக் கம்பவுண்டர் மட்டும் எப்போதாவது வந்துபோகிறார்.